தளம் போட்டதும் தண்ணீர் விடச் சொல்வது ஏன்? சிமெண்ட் இறுகும் ரகசியம் இதுதான்!

வீட்டுக்குத் தளம் போட்ட மறுநாளே, மேலே பாத்தி கட்டி தண்ணீர் நிறுத்தச் சொல்வார் கொத்தனார். ஈரம் காய்ந்தால்தானே சிமெண்ட் இறுகும், மறுபடியும் எதுக்கு தண்ணீர் என்ற சந்தேகம் பலருக்கும் வரும். உண்மை நேர்மாறானது. சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது.

சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

அந்தக்கால சுண்ணாம்புக் கலவை, காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு மெதுவாக இறுகும். தண்ணீருக்குள் போட்டால் இறுகாது. சிமெண்டுக்கு காற்று தேவையில்லை. அதனால்தான் ஆற்றுப் பாலத் தூண், துறைமுகம், அணை என தண்ணீரிலேயே நிற்கும் கட்டுமானங்களுக்கும் அது பயன்படுகிறது.

களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் நீரிலும் இறுகும் என்பதை 1750-களில் எடிஸ்டோன் கலங்கரை விளக்கத்தைக் கட்டியபோது கண்டறிந்தவர், இங்கிலாந்து பொறியாளர் ஜான் ஸ்மீட்டன். பின்னர் 1824-ல் ஜோசப் ஆஸ்ப்டின் 'போர்ட்லேண்ட் சிமெண்ட்' என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். போர்ட்லேண்ட் பகுதியில் கிடைக்கும் கட்டடக் கல்லைப் போல இருந்ததால் இந்தப் பெயர்.

உள்ளே என்ன நடக்கிறது?

சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சுமார் 1,450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் 'கிளிங்கர்' எனும் உருண்டைகள் கிடைக்கும். அதோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்த மாவுதான் சிமெண்ட். ஜிப்சம் இல்லாவிட்டால் கலவையைக் கொட்டி மட்டம் செய்வதற்குள் செட் ஆகிவிடும்.

தண்ணீர் பட்டதும் சிமெண்டில் உள்ள கால்சியம் சிலிகேட்டுகள் வினைபுரிந்து பசை போன்ற பொருளை உருவாக்குகின்றன. அது மணலையும் ஜல்லியையும் இறுகப் பிடித்துக்கொள்கிறது. அப்போது வெப்பமும் வெளியாகும். அமெரிக்காவின் ஹூவர் அணையில் இந்தச் சூட்டைத் தணிக்க, கான்கிரீட்டுக்குள்ளேயே குழாய் பதித்து குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள்.

தண்ணீர் எவ்வளவு ஊற்றலாம்?

50 கிலோ மூட்டைக்கு சுமார் 22 முதல் 25 லிட்டர் போதும். மணலில் இருக்கும் ஈரத்தையும் இதில் கணக்கு வைக்க வேண்டும். வேலை சுலபமாக நடக்கட்டும் என்று கூடுதலாக ஊற்றினால், அந்த நீர் வெளியேறிய இடமெல்லாம் நுண்துளையாகிவிடும். மழை நீர் அதன் வழியே இறங்கி, உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்கும். இறுகத் தொடங்கிய கலவையில் மறுபடி தண்ணீர் விட்டுக் குழைப்பதும் தப்பு.

எத்தனை நாள் கியூரிங்?

ஈரம் போய்விட்டால் வினையும் நின்றுவிடும், வலிமை பாதியிலேயே தங்கிவிடும். இந்தியத் தர விதிப்படி சாதாரண சிமெண்டுக்கு குறைந்தது 7 நாட்களும், நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி வகைக்கு 10 நாட்களும் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெயில் கொளுத்தும் இடங்களில் எந்த வகையானாலும் 10 நாட்களுக்குக் குறையக் கூடாது. தளத்தில் பாத்தி கட்டலாம். தூண்களில் தண்ணீர் நிற்காது என்பதால் ஈரச் சாக்கைச் சுற்றி வைக்க வேண்டும். மூட்டையில் போட்டிருக்கும் 43, 53 என்ற கிரேடு எண்கள்கூட, 28 நாட்கள் ஈரத்தில் வைத்துச் சோதித்த வலிமையைத்தான் குறிக்கின்றன.

தொட்டியில் லீக் ஆனால்?

சில நிமிடங்களிலேயே இறுகும் 'ஹைட்ராலிக் சிமெண்ட்' கடைகளில் தனியாகக் கிடைக்கிறது. தண்ணீர் கசிந்துகொண்டிருக்கும்போதே விரிசலில் வைத்து அழுத்தலாம். சீக்கிரம் இறுகுவதால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குழைக்க வேண்டும்.

மூட்டை வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பார்ப்பதும் முக்கியம். காற்றின் ஈரமே சிமெண்டை மெல்ல இறுக்கிவிடும் என்பதால், 3 மாதத்துக்கு மேல் கிடந்த மூட்டையை சோதிக்காமல் பயன்படுத்தக் கூடாது.

மொத்தத்தில், கலக்கும்போது தண்ணீர் அளவாக, இறுகிய பிறகு தாராளமாக. இந்த இரண்டும் மாறிப்போனால், விலை உயர்ந்த சிமெண்ட் வாங்கியும் பலன் இல்லை.