பொன் நிறுத்த கல்

பழைய தராசுகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கோலையும் தட்டுகளையுமே விரித்துரைக்கின்றனர். ஆனால், ஒரு காலத்தில் நிறுத்தல் எவ்வளவு நேர்மையாக நடந்தது என்பதை அறிய வேண்டுமாயின், தட்டில் இடப்பட்ட எடைக்கல் எது, அதற்கு யார் பொறுப்பு என்பவற்றையே முதலில் ஆராய வேண்டும். தமிழகத்தில் இவற்றுக்குத் தெளிவான சான்று தருபவை, முதலாம் இராசராசன் எழுப்பிய தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளாகும்.

அரசனும் அவன் தமக்கை குந்தவையும் அரசியரும் அக்கோயிலுக்கு அளித்த பொருள்களைப் பதிவு செய்யும்போது, பொன்னை ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும், மணிகள் பதித்த அணிகலன்களைத் ‘தட்சிணமேருவிடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுத்ததாக அக்கல்வெட்டுகள் கூறுகின்றன. இரண்டும் அக்கோயிலில் வழிபடப்பட்ட இறைவனின் பெயர்கள். நெல் அளந்த மரக்காலுக்கும் ஆடவல்லான் என்ற பெயரே வழங்கியது. இப்பெயரீட்டைப் பக்தியின் வெளிப்பாடாக மட்டும் கொள்வது போதாது. எந்தக் கல்லால் நிறுத்தது என்று எழுதி வைத்துவிட்டால், பின்னர் எவர் வேண்டுமானாலும் அதே கல்லைக் கொண்டு பொருளை மீண்டும் நிறுத்துச் சரிபார்க்கலாம் என்பதால், கோயில் உடைமைக்கு அது வலுவான காப்பாகவும் அமைந்தது.

அணிகலன்களைப் பற்றிய பகுதிகளில் இக்கவனம் வியக்கத்தக்க நுட்பத்தை எட்டுகிறது. ஒரு நகையில் உள்ள முத்துக்கள் எண்ணப்பட்டு, அவை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, சப்பத்தி எனத் தரவாரியாகக் குறிக்கப்படுகின்றன; கோத்த சரடு நீக்கி நிறுத்தனரா, உள்ளே இட்ட அரக்கையும் சேர்த்து நிறுத்தனரா என்பது சொல்லப்படுகிறது; அதன் பின்னரே நிறையும், காசுக் கணக்கில் விலையும் வருகின்றன. அரக்கின் எடை பொன்னின் எடையாகக் கணக்கில் ஏறிவிடக் கூடாது என்பதில் அக்காலக் கணக்கர் காட்டிய கண்டிப்பு, இன்றைய நகைக்கடைப் பற்றுச்சீட்டுகளுக்கும் பாடமாகத் தக்கது.

அந்நிறை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்னும் அலகுகளில் அமைந்தது. கறுப்புக் கண் கொண்ட சிவந்த குன்றிமணி இரண்டு ஒரு மஞ்சாடி. மஞ்சாடி மரத்தின் செவ்விதையே அவ்வலகுக்குப் பெயர் தந்தது. இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. குன்றிமணி ஏறத்தாழ 0.12 கிராம் எனக் கொண்டால், கழஞ்சு 5 கிராமை ஒட்டி வரும். எனினும் விதைகள் ஒரே அளவினவாக இருப்பதில்லை. ஈரத்தால் அவற்றின் எடையும் மாறும். எடைக்கற்கள் இரும்பாலோ கல்லாலோ, நனைந்தாலும் சூடேறினாலும் மாறாத பொருளாலோ செய்யப்பட வேண்டும் என்று கௌடிலியரின் அர்த்தசாத்திரம் விதிப்பதற்கும் இத்தகைய குறைகளைத் தவிர்ப்பதே நோக்கம்.

தராசின் அமைப்பு எளியது: நடுவில் தொங்கவிடப்பட்ட கோலின் இரு கைகளும் ஒரே நீளமாக இருந்து, தட்டுகள் சமன்படும்போது முள் நேர் நிற்க வேண்டும். ஒரு கையைச் சற்றே நீட்டினால், வெறுந்தட்டுகள் சமமாக நிற்கும்படி செய்துவிட்டு, பண்டம் வைத்ததும் ஏமாற்ற இயலும்; பண்டத்தையும் கல்லையும் தட்டு மாற்றி மீண்டும் நிறுத்தால் அம்மோசடி வெளிப்பட்டுவிடும்.

பிற்காலச் சென்னை மாகாணத்தில் 3 தோலா ஒரு பலம், 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு என்ற கணக்கு நிலைபெற்றிருந்தது. 1956ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டத்தை அடுத்து, 1958 அக்டோபர் முதல் கிலோகிராம் படிப்படியாக நடைமுறைக்கு வர, இவ்வலகுகள் வழக்கொழிந்தன. பொற்கொல்லர் வீடுகளில் தட்டுக்கும் கல்லுக்கும் தனித்தனிக் குழி செதுக்கிய மரப்பெட்டிகள் இன்னும் எஞ்சியிருக்கக் கூடும். அவற்றை வைத்திருப்போர் தராசை மட்டும் அழகுப்பொருளாக எடுத்துக்கொண்டு, கற்களைப் பித்தளை விலைக்குப் போட்டுவிடாமல், பெட்டி, கோல், கல் அனைத்தையும் ஒன்றாகவே காத்து வைக்க வேண்டும். இயலாதோர் அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்தில் அவற்றை ஒப்படைக்கலாம்.