கொதிகலனும் சுண்ணாம்பும்



கும்பகோணத்திலிருந்து திருவாரூர் செல்லும் சாலையில் அமைந்துள்ள குடவாசல் நெல் விளையும் ஊர். என் இளமையில் அங்கே ஓர் அரிசி ஆலை இருந்தது. நெல்லை அவித்துப் புழுங்கலரிசி ஆக்குவதற்கு நீராவி வேண்டும். நீராவிக்குக் கொதிகலன் வேண்டும். அதை எரிப்பதற்கோ அந்நெல்லின் உமியே போதும். அறுவடைக் காலம் முழுவதும் அந்த ஆலையின் புகைபோக்கி ஓய்வறியாது.

அறுவடை முடிந்து ஆலையை அடைத்ததும், கொதிகலனைக் காத்துவந்த முதியவர் ஒரு வேலை செய்வார். நீரை முற்றிலும் வடித்து, உட்புறத்தை உலர்த்தி, தகரத் தட்டுகளில் பாதியளவு சுட்ட சுண்ணாம்புக் கட்டிகளைப் பரப்பி உள்ளே வைத்து, வாயை இறுக மூடிவிடுவார்.

"சுண்ணாம்பு சரி, வெற்றிலை எங்கே தாத்தா?" என்று ஒருநாள் கேட்டேன்.

அவர் சிரித்தார். "எரிகிறபோது கெடுவதைவிட, சும்மா கிடக்கிறபோதுதான் தம்பி இது அதிகம் கெடும்" என்றார்.

அச்சொல்லின் பொருளை நான் பின்னாளில் நூல்களைப் படித்தே அறிந்தேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஆலைகளில் கொதிகலன்கள் அடிக்கடி வெடித்தன. உள்ளே நீர் பிரிந்து வெடிவாயு உண்டாகிறது என்று சிலர் கூறினர். தெய்வச் செயல் என்று கூறியவர்களும் உண்டு. 1854-ஆம் ஆண்டில் மாஞ்செஸ்டரில் நீராவி ஆலை உரிமையாளர்களின் சங்கம் ஒன்று தோன்றியது. வில்லியம் பேர்பேர்ன் என்னும் பொறியியல் அறிஞர் அதில் முன்னின்றார். கொதிகலன்களை முறையாகச் சோதித்துப் பார்த்தபோது மாயம் கலைந்தது. துரு தின்று மெலிந்த தகடுகள் நீராவியின் அழுத்தத்தைத் தாங்காமல் கிழிவது வெடிப்புகளுக்கு ஒரு பெருங்காரணம் என்பது தெளிவாயிற்று.

நம் நாட்டிலும் பாடம் உயிர்ப்பலியோடுதான் வந்தது. 1863-இல் கல்கத்தாவில் ஒரு கொதிகலன் வெடித்துப் பலர் மாண்டனர். மறு ஆண்டே வங்க மாகாணத்தில் சோதனைச் சட்டம் பிறந்தது. ஆனால் அது கல்கத்தா நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் மட்டுமே தழுவியது. பிற மாகாணங்களும் தத்தமக்கென வெவ்வேறு சட்டங்களை இயற்றிக்கொண்டன. அவ்வேற்றுமைகளை நீக்குவதற்காக 1923-இல் இந்தியக் கொதிகலன் சட்டம் இயற்றப்பட்டு, 1924 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. நூறாண்டுக்கு மேல் நின்ற அச்சட்டத்தின் இடத்தில் 2025-இல் புதிய சட்டம் வந்துள்ளது. சான்றிதழ் இல்லாத கொதிகலனை எரிக்கலாகாது என்பதே அன்றும் இன்றும் அடிப்படை விதி.

இனி, துரு எவ்வாறு பற்றுகிறது என்று பார்ப்போம். காற்றோடு கலந்து நிற்கும் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 8 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்கும். மீன்களுக்கு உயிரளிக்கும் அவ்வாயுவே இரும்புக்கு எமனாகிறது. நீர் சூடேறும்போது அது குமிழிகளாகப் பிரிந்து தகட்டில் ஒட்டி, அம்மைத் தழும்பு போன்ற குழிகளைத் தோண்டுகிறது. தகடு முழுதும் சீராகத் தேய்ந்தால் கண்டுகொள்ளலாம். ஒரு சிறு குழி ஆழ்ந்துகொண்டே போனால் கண்ணுக்குப் புலப்படுவது அரிது. ஆகவே பெரிய ஆலைகளில் நீரைக் கொதிகலனுக்குள் விடுமுன்பே ஏறத்தாழ 105 பாகை சென்டிகிரேடு வரை சூடாக்கி வாயுவை வெளியேற்றுகின்றனர். எஞ்சியதைச் சோடியம் சல்பைட்டு போன்ற உப்புகள் பற்றிக்கொள்கின்றன. நீரில் அளவான காரத்தன்மை இருந்தால், இரும்பின்மேல் கரிய நிறமுள்ள மெல்லிய ஆக்சைடுப் படலம் ஒன்று படிந்து அதற்குக் கவசமாகிறது. திருச்சியை அடுத்த திருவெறும்பூரில் 1965 முதல் இயங்கும் பாரத மிகுமின் நிறுவனத்தின் ஆலையில் உருவாகும் மாபெரும் மின்நிலையக் கொதிகலன்களுக்கும், சிற்றூர் அரிசி ஆலையின் கொதிகலனுக்கும் இவ்வேதியியல் ஒன்றே.

அணைந்த கொதிகலனுக்கு ஆபத்து இன்னும் மிகுதி. அடியில் தங்கிய சிறிது நீர், மேலே ஈரக்காற்று, வெளியே ஈரம் உறிஞ்சிய உமிச்சாம்பல் ஆகிய மூன்றும் கேட்பாரற்றுத் தகட்டை அரிக்கின்றன. சுட்ட சுண்ணாம்போ ஈரத்தைத் தன்பால் இழுத்து, பொரிந்து, மாவாகிவிடும். அப்போது அது பருக்கும் ஆதலால்தான் முதியவர் தட்டுகளைப் பாதியளவே நிரப்பினார். மாவானதை எடுத்துவிட்டுப் புதியது வைக்க வேண்டும். சில நாள் ஓய்வுக்கு வேறு வழி உண்டு: காரமும் சல்பைட்டும் கலந்த நீரைக் காற்றுக்கு இடமின்றி விளிம்புவரை நிரப்பிவிடுவது.

நண்பர்களே, கொதிகலன் வெடித்தால் முதலில் மாள்பவன், அதன் வாயில் உமி தள்ளிக்கொண்டு நிற்கும் தொழிலாளியே. ஆண்டுக்கு ஒருமுறை வரும் ஆய்வாளர் தகட்டைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துச் சான்று தரலாம். எஞ்சிய நாட்களில் அத்தொழிலாளியின் உயிரைக் காப்பது நாள்தோறும் நீரைச் சோதிக்கும் பழக்கமும், ஆலை உறங்கும்போதும் உறங்காத கவனமுமே. அந்த முதியவர் சட்டம் படித்தவரல்லர், வேதியியலும் அறியார். ஆயினும் அவர் கையிலிருந்த சுண்ணாம்புத் தட்டில் இரண்டும் அடங்கியிருந்தன.