கணவாயின் வாயிலில் ஓர் ஒட்டகம்

நுபுவ்வத்தின் ஏழாம் ஆண்டில் மக்காவின் குறைஷித் தலைவர்கள் கூடி ஓர் உடன்படிக்கை எழுதினார்கள். பனூ ஹாஷிம், பனூ முத்தலிப் ஆகிய இரு குலத்தாருக்கும் பெண் கொடுப்பதில்லை. அவர்களிடம் பெண் எடுப்பதில்லை. எதையும் விற்பதில்லை, வாங்குவதில்லை. முஹம்மத் (ஸல்) அவர்களைத் தம்மிடம் ஒப்படைக்கும்வரை இந்த விலக்கு தொடரும் என்றார்கள். ஏடு கஅபாவினுள் தொங்கவிடப்பட்டது.

அபூலஹபைத் தவிர, ஈமான் கொண்டோரும் கொள்ளாதோருமாக அக்குலத்தார் அபூதாலிப் கணவாயில் ஒதுங்கினார்கள். இரண்டு, மூன்று ஆண்டுகள் அவ்வாறே கழிந்தன. பசியால் அழும் குழந்தைகளின் குரல் கணவாய்க்கு வெளியே கேட்டது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். கேட்டவர்கள் பலர். அவர்களில் மனம் வருந்தியோரும் இருந்தனர். ஆயினும் ஊர் கூடி எழுதியதை ஒருவர் எப்படி மீறுவது என்று வாளாவிருந்தனர்.

அந்த ஏட்டைக் கரையான் அரித்த செய்தியை நம் பிள்ளைகளும் அறிவர். அது கிழிக்கப்பட வேண்டும் என்று முதலில் நடந்த கால்களின் வரலாறோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்தக் கால்கள் ஹிஷாம் பின் அம்ர் என்பவருடையவை. அவர் ஆமிர் பின் லுஅய் குலத்தவர்; பனூ ஹாஷிம்களோடு தாய்வழித் தொடர்புடையவர். அன்று அவர் முஸ்லிம் அல்லர்.

அவர் எடுத்த எடுப்பில் சபையில் எழுந்து முழங்கவில்லை. இரவில் ஓர் ஒட்டகத்தின் மீது உணவை ஏற்றுவார். கணவாயின் வாயில்வரை ஓட்டிச் சென்று, மூக்கணாங்கயிற்றைக் கழற்றி, விலாவில் ஒரு தட்டுத் தட்டுவார். ஒட்டகம் தானாக உள்ளே போய்விடும். இன்னோர் இரவு துணி. மற்றோர் இரவு மீண்டும் உணவு. பிறர் துன்பத்தின் மீதான அக்கறை அவருள் அணையாதிருந்ததற்குக் காரணம் இதுவே. கையால் இயன்றதைத் தொடர்ந்து செய்துகொண்டிருப்பவரின் உள்ளம் மரத்துப்போவதில்லை.

ஆனால் ஓர் ஒட்டகச் சுமையால் பசி தணியுமே தவிர அநீதி நீங்காது. ஆகவே அவர் ஸுஹைர் பின் அபூ உமையாவிடம் சென்றார். ஸுஹைரின் தாயார் ஆத்திகா, அப்துல் முத்தலிபின் மகள். உம் தாய்மாமன்மார் அந்த நிலையில் கிடக்க, நீர் உண்டு உடுத்து நிம்மதியாக இருப்பதா என்று கேட்டார் ஹிஷாம். நான் தனி ஒருவன், என்ன செய்வேன் என்றார் ஸுஹைர். இன்னொருவர் கிடைத்துவிட்டார், அது நானே என்றார் ஹிஷாம். அப்படியானால் மூன்றாமவரைத் தேடுவோம் என்றார் ஸுஹைர்.

ஹிஷாம் முத்இம் பின் அதீயிடம் சென்றார். அங்கே அப்து மனாஃபின் வழித்தோன்றல்கள் அழிவதைச் சுட்டிக்காட்டினார். அவர் நான்காமவரைக் கேட்டார். அபுல் பக்தரீயிடம் சென்றார். அவர் ஐந்தாமவரைக் கேட்டார். ஸம்ஆ பின் அஸ்வதிடம் சென்று உறவையும் உரிமையையும் எடுத்துரைத்தார். யாரிடம் எதைச் சொன்னால் உள்ளம் அசையும் என்று அறிந்து பேசினார். ஒவ்வொரு வாசலிலும் அவர் கேட்டது ஏறத்தாழ ஒரே மறுமொழிதான். அதனால் அவர் சோர்ந்து திரும்பவில்லை. அடுத்த வாசலுக்கு நடந்தார்.

ஐவரும் இரவில் ஹஜூன் பகுதியில் கூடி உறுதி பூண்டனர். மறுநாள் ஸுஹைர் கஅபாவை ஏழு முறை வலம்வந்து, அந்த அநியாய ஏடு கிழிக்கப்படும்வரை அமரமாட்டேன் என்று அறிவித்தார். அபூ ஜஹ்ல் மறுத்தான். உடனே ஸம்ஆவின் குரல் எழுந்தது. பின் அபுல் பக்தரீ, முத்இம், ஹிஷாம். இது இரவில் பேசி முடித்த காரியம் என்றான் அபூ ஜஹ்ல். உண்மைதான். முத்இம் ஏட்டைக் கிழிக்கச் சென்றபோது இறைவனின் பெயர் இருந்த பகுதி நீங்கலாக மற்றதைக் கரையான் அரித்திருந்தது. விலக்கு முடிந்தது.

இந்த நன்றியை அண்ணலார் (ஸல்) மறக்கவில்லை. முத்இம் ஈமான் கொள்ளாமலே இறந்தவர். எனினும், அவர் உயிரோடிருந்து பத்ருக் கைதிகளுக்காகப் பரிந்து பேசியிருந்தால் அவருக்காக அவர்களை விட்டிருப்பேன் என்ற கருத்தில் நபியவர்கள் கூறியது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அபுல் பக்தரீயைக் கொல்ல வேண்டாம் என்றும் பத்ரில் கட்டளையிட்டார்கள். ஹிஷாமோ மக்கா வெற்றியின்போது இஸ்லாத்தைத் தழுவினார்.

நன்மைக்காகப் பரிந்துரைப்பவருக்கு அதில் ஒரு பங்கு உண்டு என்று குர்ஆன் (4:85) கற்பிக்கிறது. நம் தெருவிலும் குடும்பத்திலும் அதற்கு இடமுண்டு. வாரிசுரிமைப் பங்கு மறுக்கப்பட்ட சகோதரி, கூலி நிறுத்தப்பட்ட தொழிலாளி, ஊரார் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்ட ஒரு வீடு, நம் மார்க்கத்தைச் சேராத அண்டை வீட்டார்: இவர்களுக்காகப் பேச நினைக்கும்போது, நான் ஒருவன் என்ன செய்ய முடியும் என்ற எண்ணம் எழும். ஸுஹைருக்கும் அதுவே எழுந்தது. இன்று நம்மால் இயன்ற ஒரு சிறு உதவியைச் செய்வோம். பிறகு இரண்டாமவரைத் தேடிச் செல்வோம்.

அநீதியைக் கண்டு மௌனமாகாத நாவையும், சோர்வடையாத கால்களையும் வல்ல அல்லாஹ் நமக்கு வழங்குவானாக. ஆமீன்.