பாய்ன் நதிக்கரையில் ஒரு பிறை

அயர்லாந்தின் கிழக்குக் கரையில், பாய்ன் நதி கடலில் கலக்குமிடத்திற்குச் சற்று மேலே அமைந்த பழம்பெரும் துறைமுக நகர் டிராகெடா. ஆற்றைக் கடக்கும் துறையில் அமைந்த பாலம் என்பதே ஐரிஷ் மொழியில் அப்பெயரின் பொருள். எதிரெதிர்க் கரைகளில் தனித்தனி நகரங்களாய் இருந்தவை 1412-ல் ஒன்றாயின. 13-ஆம் நூற்றாண்டில் எழுந்த புனித லாரன்ஸ் வாயில் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. 1649 செப்டம்பரில் குரோம்வெல்லின் படை மதிலைத் தகர்த்து உட்புகுந்து நடத்திய படுகொலையை அந்நகரம் இன்னும் மறந்துவிடவில்லை.

ஆயினும் நம் கண்ணை முதலில் ஈர்ப்பது அந்நகரின் சின்னம்தான். கோட்டை வாயில், கப்பல், சிங்கங்கள். அவற்றுக்கு மேலே பிறையும் விண்மீனும்! ஐரோப்பாவின் மேற்குக் கோடியிலே பிறை எவ்வாறு வந்தது?

அதற்கு விடையாக ஒரு கதை சொல்வார்கள். 1845-ல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அதனையே உண்டு வாழ்ந்த ஏழை மக்கள் பட்டினியாலும் காய்ச்சலாலும் மடிந்தனர். சில ஆண்டுகளில் மாண்டோர் சுமார் பத்து இலட்சம். அதே காலத்தில் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடைகளும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக் கொண்டிருந்தன என்பதுதான் நெஞ்சைச் சுடும் செய்தி. அவ்வேளையில் உதுமானியப் பேரரசர் சுல்தான் அப்துல் மஜீத் உணவுக் கப்பல்களை அனுப்பினாராம். அவை ஆங்கிலேயரின் தடையை மீறி டிராகெடாவில் சரக்கை இறக்கினவாம். அந்த நன்றிக்கே நகரத்தார் பிறையைச் சூடிக்கொண்டனராம்.

கேட்க இனிக்கிறது. நம்மவரும் இதனைப் பெருமையோடு எடுத்துரைக்கின்றனர். 2010-ல் துருக்கி சென்றிருந்த அயர்லாந்துக் குடியரசுத் தலைவர் மேரி மெக்கலீஸ் அம்மையாரே இதனைக் குறிப்பிட்டார். ஆனால் வரலாற்றறிஞர்கள் உடனே மறுத்தனர். பஞ்சத்திற்குப் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே பிறை அந்நகரின் சின்னத்தில் இருந்து வந்துள்ளது. சுல்தானின் கப்பல்களுக்கோ உறுதியான ஆவணச் சான்று எதுவும் கிடைக்கவில்லை.

அப்படியானால் அனைத்தும் கட்டுக்கதையா? இல்லை. 1847-ல் இளைஞரான சுல்தான், அயர்லாந்தின் பசி தீர்க்க 1,000 பவுன் வழங்கியது ஐயத்திற்கிடமில்லாத உண்மை. அவர் கொடுக்க எண்ணியது 10,000 என்றும், விக்டோரியா அரசியார் அளித்தது 2,000 பவுனே ஆதலால் அதனை மிஞ்சலாகாதெனத் தொகை குறைக்கப்பட்டது என்றும் அக்காலத்தவர் எழுதிவைத்துள்ளனர். மெய்யான கொடை இருக்கையில் கப்பல்கள் எதற்கு? அவற்றைச் சேர்ப்பதால் சுல்தானின் புகழ் வளர்வதில்லை. கப்பல் பொய்யென்று கண்டவன் பணத்தையும் பொய்யென்று தள்ளிவிடக் கூடும் என்பதே நம் கவலை.

1995-ல் டிராகெடாவின் பழைய நகரமன்றக் கட்டடத்தில், துருக்கி மக்களின் பரிவை நினைவுகூரும் பலகை ஒன்று பதிக்கப்பட்டது. அயர்லாந்துப் பிரபுக்களும் பெருமக்களும் கையொப்பமிட்டுச் சுல்தானுக்கு அனுப்பிய நன்றிமடல் இஸ்தான்புல் ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது. தம் மக்களைச் சாவினின்று காக்கப் பிற நாடுகளின் கருணையை நாட நேர்ந்ததை அதில் அவர்கள் மறைக்கவில்லை. கப்பலைப் பற்றி அதில் பேச்சே இல்லை. ஆயிரம் பவுனுக்குத்தான் அந்த நன்றி.