நகுலேஸ்வரி: ஊற்றடியில் பிறந்த பெயர்

நகுலன் என்றதும் பாரதம் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பாண்டவரில் நான்காமவன் நினைவுக்கு வருவான். நகுலேஸ்வரி என்ற பெயருக்கும் அவனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவள் யாழ்ப்பாணத்துக் கீரிமலைப் பெண்.

கதை இதுதான். கீரி முகத்தோடு வாழ்ந்த முனிவர் ஒருவர் இங்குள்ள ஊற்றில் நீராடி வந்தார். நாளடைவில் முகம் மாறி மனித முகமாயிற்று. வடமொழியில் நகுலம் என்றால் கீரி. அதனால் அவர் நகுல முனிவர். ஊர் கீரிமலை, நகுலகிரி. அவர் வழிபட்ட சிவன் நகுலேஸ்வரர், அம்பாள் நகுலாம்பிகை. அதே ஊற்றில்தான் குதிரை முகம் நீங்கப் பெற்றாள் மாருதப்புரவீகவல்லி என்ற சோழ இளவரசி. குதிரை முகம் விட்டுப்போனதால் பக்கத்து ஊருக்கு மாவிட்டபுரம் என்று பெயர். ஆனால் அவள் பெயரைப் பிள்ளைக்கு வைத்தவர்களை நான் கண்டதில்லை. கூப்பிட முடியாத நீளம்!

அந்த ஊற்றின் கேணியைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதைகள் ஏன் பிறந்தன என்று விளங்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் உப்புக்கடல் அலையடிக்கிறது. இந்தப் பக்கம் படியிறங்கினால் நல்ல தண்ணீர். குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழைநீர் கடலோரத்தில் வந்து ஊறுகிறது. ஆண்களுக்கு ஒரு கேணி, பெண்களுக்கு மறைப்புக் கட்டிய வேறு கேணி. ஆடி அமாவாசைக்குத் தகப்பனை இழந்தவர்கள் விரதமிருந்து இங்கே வந்து தீர்த்தமாடுகிறார்கள். நோய் தீர்க்கும் தண்ணீர் என்ற நம்பிக்கை இன்றும் போகவில்லை. அந்த நம்பிக்கையைத்தான் தாய்மார் பிள்ளைக்குப் பெயராக வைத்தார்கள்.

அது எப்போது வழக்கமாயிற்று? 1619இல் யாழ்ப்பாண அரசைப் போர்த்துக்கேயர் பிடித்தபின் நகுலேஸ்வரர் கோயில் இடிபட்டது. பழையபடி கோயில் எழவேண்டும் என்று ஆறுமுக நாவலர் தம் கடைசிக் காலத்தில் ஊராரை வேண்டினார். 1879இல் அவர் மறைந்தார். அந்த நூற்றாண்டு முடியுமுன் கோயில் எழுந்துவிட்டது. நாவலர் பரப்பிய ஆகமச் சைவம் கோயில்களை மட்டும் மாற்றவில்லை, வீட்டுப் பெயர்களையும் மாற்றியது என்பது என் எண்ணம். சின்னாச்சி, தெய்வானைப்பிள்ளை, வள்ளியம்மை என்றிருந்த ஆச்சிமாரின் பேத்திகள் பரமேஸ்வரி, மகேஸ்வரி, யோகேஸ்வரி, இராஜேஸ்வரி ஆனார்கள். அந்த வரிசையில் வந்தவள்தான் நகுலேஸ்வரி. அம்பாளின் பெயர் நகுலாம்பிகையாக இருந்தும், சிவனின் பெயரைத் திருப்பி நகுலேஸ்வரி என்று வைத்தவர்களே அதிகம். அக்காளும் தங்கையும் ஒரே ஓசையில் முடியவேண்டுமே! வீட்டில் நகுலேஸ், நகுலா. அயலட்டைப் பிள்ளைகளுக்கு நகுலாக்கா.

மற்ற ஈஸ்வரிகள் தமிழ்நாட்டிலும் நிறைய உண்டு. நகுலேஸ்வரியை அங்கே காண்பது அரிது. பெயரைக் கேட்டவுடன் யாழ்ப்பாணமா என்று கேட்டுவிடலாம்.

பிறகு காலம் மாறியது. எழுபதுகளில் சுகந்தி, வதனி, ரஜனி என்று சினிமாவும் தொடர்கதையும் பெயர் தந்தன. அதற்குப் பிறகு யாழினி, தமிழினி போன்ற தனித்தமிழ்ப் பெயர்கள் ஒரு பக்கம், எண்சாத்திரம் பார்த்து ஷாவிலும் ஜாவிலும் முடித்த பெயர்கள் மறுபக்கம். நகுலேஸ்வரி அம்மாமாரின் பெயராகிவிட்டது.

அவளுக்கு மட்டும் இன்னொரு அடியும் விழுந்தது. 1990இல் போர் கீரிமலை இருக்கும் வலிகாமம் வடக்கைக் காலியாக்கியது. கோயில் குண்டுவீச்சில் சிதைந்தது. ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயிற்று. நேர்த்தி வைக்கக் கோயில் வாசலில்லை, முழுகக் கேணியில்லை. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் கீரிமலையைக் காணாமலே இடம்பெயர்ந்த வீடுகளில் பிறந்து, பெயர் பெற்று, வளர்ந்துவிட்டார்கள். பெயர் அருகியதற்கு நாகரிகத்தை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பரமேஸ்வரிக்கு எந்த ஊரிலும் கோயில் உண்டு. இவளுக்கு இந்த ஒரு கரைதான்.

இன்று இந்தப் பெயரை அதிகம் காண்பது மரண அறிவித்தல்களில். ‘கீரிமலையைப் பிறப்பிடமாகவும் கனடாவை வதிவிடமாகவும் கொண்ட’ என்று தொடங்கி முழுப் பெயர் வரும். பக்கத்தில் அடைப்புக்குள் நகுலா என்று இருக்கும். கீழே பேரப்பிள்ளைகளின் பெயர் வரிசையில் அந்த ஓசை ஒன்றிலும் இராது.

கோயில் திரும்ப எழுந்து 2012இல் கும்பாபிஷேகமும் நடந்தது. சனம் கேணிக்கு வருகிறது. 31ஆம் நாள் துடக்குக் கழித்துப் பெயர் வைக்கும் வழக்கமும் இருக்கிறது. நட்சத்திரத்துக்கு எழுத்துப் பார்க்கும் வழக்கமும் இருக்கிறது. அனுஷத்துக்கு வரும் எழுத்துகள் ந, நி, நு, நே. அனுஷத்தில் பெண் பிறந்த வீட்டார் நேகா, நிஷா என்று தேடுமுன் நகுலா என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கட்டும். மூன்றே எழுத்து, டொரண்டோவில் படிப்பிக்கும் ஆசிரியைக்கும் வாயில் நிற்கும்.