கீழாநெல்லியும் குருதியில் தங்கிய கிருமியும்

அமாவாசை இரவில் மேல்மலையனூர் அங்காளம்மனின் ஊஞ்சல் உற்சவத்துக்குச் செல்கையில், வரப்போரக் கீழாநெல்லியை நாம் கண்டிருப்போம். மஞ்சள் காமாலைக்கு அதை அரைத்து மோரில் கலந்து குடிப்பது நம் வழக்கம். 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜனும் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கும் உள்ளிட்டோர் அதை லான்செட் இதழுக்குக் கொண்டு சென்றனர்: ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்த 37 பேரில் 22 பேருக்குக் குருதியில் அதன் அடையாளப் புரதம் மறைந்ததாம். பிந்தைய ஆய்வுகள் பல இதை உறுதிசெய்யவில்லை.

விந்தை என்னவெனில், அதே புரதத்தை 1965இல் புளூம்பெர்க் இரத்தப் புற்றுநோயோடுதான் முதலில் தொடர்புபடுத்தினார். கல்லீரல் கிருமியுடையது என்பது பிறகே தெளிந்தது. பி, சி கிருமிகள் நாள்பட்டுத் தங்கினால் நிணநீர்ப் புற்றுக்கான வாய்ப்புக் கூடும் என்று இன்று அறிகிறோம். சி கிருமியை மருந்தால் அகற்றியபோது சிலரின் மண்ணீரல் நிணநீர்ப் புற்றே பின்வாங்கியதை 2002இல் பிரெஞ்சு மருத்துவர்கள் பதிவுசெய்தனர்.

நாமோ, கண்ணில் மஞ்சள் தெளிந்ததும் மோரை நிறுத்திவிடுகிறோம். குருதியைச் சோதித்துப் பார்ப்பதில்லை.