பிபிடி, பிடிபி, அப்புறம் அம்மாவின் ஜவுளிக்கடை

போன மாதம் பரணை ஒழிக்கும்போது தங்கமணி ஒரு பழைய சிடியை நீட்டி, "இதையாவது தூக்கிப் போடலாமா?" என்றார். மேலே என் கையெழுத்தில் "புனே பேக்கப் 2006". புனேக்கு வந்த புதிதில் எழுதியது. தூக்கிப் போடவில்லை. உள்ளே 14 கேபியில் ஒரு கோப்பு இருந்தது. பெயருக்குப் பின்னால் பிடிபி.

இளசுகளுக்கு இது என்னவென்று தெரியாது. கொஞ்சம் கொசுவத்தி சுற்றிக்கொள்கிறேன்.

1990களில் ஜெஃப் ஹாக்கின்ஸ் என்பவர் சட்டைப் பையில் அடங்கும் அளவுக்கு ஒரு மரக்கட்டையைச் செதுக்கி, அதைக் கணினி மாதிரி பாவித்துப் பல நாள் சுமந்து திரிந்தாராம். யாராவது 'நேரம் இருக்கா?' என்று கேட்டால் கட்டையை எடுத்துக் குச்சியால் தட்டிப் பார்ப்பாராம். அந்தக் கட்டைதான் 1996ல் பாம் பைலட் ஆனது. ஆரம்ப மாடலுக்கு 128 கேபி நினைவகம், விலை 299 டாலர். திரை 160க்கு 160 புள்ளி. ஓட்டுவதற்கு இரண்டு சின்ன பென்சில் பேட்டரி.

இதில் வட்டு எதுவும் கிடையாது. எல்லாமே நினைவகத்தில்தான். பேட்டரி முழுசாய் இறங்கினால் அத்தனையும் போச்சு! அதனால்தான் ஹாட்சிங்க் பொத்தானை அமுக்கிக் கணினியில் ஒரு நகல் வைத்துக்கொள்வோம். அந்த நகலுக்குப் பெயர்தான் பிடிபி. பாம் டேட்டாபேஸ் என்பதன் சுருக்கம்.

அதன் அமைப்பு நம் ரேஷன் கடைப் பேரேடு மாதிரி. தலைப்பில் 32 பைட்டுக்குள் பெயர், எந்த வகை, எந்த மென்பொருளுக்குச் சொந்தம் என்று நாலு நாலு எழுத்துக் குறிகள், எத்தனை பதிவுகள், எது எங்கே ஆரம்பிக்கிறது என்ற பட்டியல். அப்புறம் பதிவுகள். புத்தகம் படிக்கும் 'டாக்' வடிவத்தில் எழுத்துகளை 4096 பைட் துண்டுகளாக வெட்டித் தனித்தனியாகச் சுருக்கி வைப்பார்கள். 100ஆவது பக்கம் வேண்டுமென்றால் முதல் 99ஐ அவிழ்க்க வேண்டாம். குட்டி நினைவகத்துக்கு நல்ல யோசனை.

ஆனால் அதில் ஒரு சங்கதி. சுருக்கும் முறை ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்தது. 127க்கு மேற்பட்ட எண்களையெல்லாம் சுருக்கும் கட்டளைகளுக்கு ஒதுக்கிவிட்டார்கள். அந்த எண்களில் எழுத்து வந்தால், 'இது கட்டளை இல்லை, எழுத்து' என்று முன்னால் ஒரு காவல் பைட் நிற்க வேண்டும். அப்போது நாம் எழுதிய திஸ்கியில் தமிழ் எழுத்துகள் குடியிருந்தது அங்கேதான். ஆங்கிலம் கிட்டத்தட்டப் பாதியாகச் சுருங்கும் இடத்தில் தமிழுக்கு அந்த அளவு லாபம் கிடையாது.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

2006ல் அப்பாவுக்குக் கும்பகோணத்தில் அறுபதாம் கல்யாணம். அம்மாவை உட்காரவைத்துக் கதை சொல்லச் சொல்லி, எ-கலப்பையில் தட்டி, இணைமதி எழுத்துருவில் 22 ஸ்லைடு பவர்பாயிண்ட் செய்தேன். அம்மா சொன்னதை அம்மா பேச்சிலேயே எழுதினேன். மண்டபத்தில் போட்டுக் காட்டினேன். பாதி ஸ்லைடில் பந்திக்கு அழைத்துவிட்டார்கள். எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள்!

பார்க்காதவர்களுக்கு ரயிலில் காட்டலாமே என்று என்னிடமிருந்த செகண்ட் ஹேண்ட் பாம் ஜையருக்கு மாற்ற நினைத்தேன். கோப்பை ஏற்றினால் வேறு வடிவில் மாற்றித் தரும் தளங்கள் அப்போது வர ஆரம்பித்திருந்தன. பிபிடியை ஏற்றினேன், பிடிபி வந்தது. படங்கள் போச்சு, கட்டங்கள் போச்சு, வண்ணம் போச்சு. எழுத்து மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக. அதுவும் பாமில் தமிழாகத் தெரியவில்லை. கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகள், தலைகீழ்க் கேள்விக்குறி, தலைகீழ் ஆச்சரியக்குறி. "உன் கதையை பூச்சி தின்னுடுத்தாடா?" என்று அம்மா சிரித்தார். நானும் விட்டுவிட்டேன்.

அப்புறம் வேலை மாறியபோது ஆபீஸ் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தேன். பிபிடி அதோடு போனது. 2014ல் அம்மாவும் போய்விட்டார்.

பாமின் கதையும் முடிந்தது. 2010ல் எச்பி 120 கோடி டாலருக்கு வாங்கி, மறு வருஷமே கடையைச் சாத்தியது. ஆனால் பிடிபி சாகவில்லை. அதே பெட்டிக்குள்தான் பிரான்ஸின் மோபிபாக்கெட் தன் மின்னூல் வடிவத்தை வைத்தது. அந்தக் கம்பெனியை 2005ல் அமேசான் வாங்கியது. 2007ல் வந்த கிண்டிலின் புத்தகங்களுக்கு உள்ளேயும் அதே பழைய பாம் தலைப்புதான். ஆள் போனாலும் பெட்டி போகவில்லை.

இந்த சிடியைத் திறக்க உதவியது காலிபர் என்ற இலவச மென்பொருள். 2006ல் இந்தியரான கோவித் கோயல் ஆரம்பித்தது. பிடிபியை இன்றும் படிக்கிறது. திறந்தால் அதே பூச்சி எழுத்து. ஆனால் இருபது வருஷத்தில் எனக்கு ஒன்று உறைத்திருந்தது. திஸ்கியில் தலைகீழ்க் கேள்விக்குறிதான் 'ந'. தலைகீழ் ஆச்சரியக்குறிதான் 'ஆ' ஒலிக்கான கால். பாமுக்குத் தமிழ் படிக்கத் தெரியவில்லையே தவிர, எழுத்தை அது தொலைக்கவில்லை! அப்படியே நகலெடுத்து, பொங்குதமிழ் மாதிரி ஒரு எழுத்துரு மாற்றியில் ஒட்டினேன். யூனிகோடில் அம்மா பேச ஆரம்பித்தார்.

ஜ, ஷ, ஸ, ஹ மட்டும் வரவில்லை. திஸ்கியில் அவை இருந்த இடம் அப்படி. ஒவ்வொரு மாற்றியும் அந்த எண்களை ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்ளும். இணையத்தில் மாற்றும்போதே அவை வெறும் கேள்விக்குறி ஆகியிருக்க வேண்டும். அதனால் தாத்தா கணக்கெழுதியது '?வுளிக்கடை'யில்!

15ஆவது ஸ்லைடில் இது இருந்தது: "எஸ்எஸ்எல்சி பரீட்சைக்குப் பணம் கட்ட அம்மா மூக்குத்தியைக் கழட்டிக் கொடுத்தா. அப்பாகிட்ட தொலஞ்சு போச்சுன்னு சொன்னா. நான் இதுவரைக்கும் யாருக்கும் சொல்லலே."

நான்தான் தட்டியிருக்கிறேன். சுத்தமாக நினைவில்லை. மண்டபத்தில் பந்திக்கு எழுந்த பிறகு வந்த ஸ்லைடு அது. யாருமே படிக்கவில்லை.

இந்த வருஷம் அப்பாவுக்குச் சதாபிஷேகம். போனில் படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த மூக்குத்திய உங்க தாத்தா அடுத்த வருஷமே மீட்டுக் குடுத்தார்டா. அவருக்குத் தெரியும். மாமனார் என்கிட்ட மட்டும் சொன்னார்" என்றார். அம்மாவுக்கு இது கடைசி வரை தெரியாது.

புனேயிலேயே பிறந்த என் பெண், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். கேள்விக்குறிகளையெல்லாம் அவளிடம் கொடுத்துவிட்டேன். ஒவ்வொன்றாக 'ஜ'வும் 'ஷ'வும் போட்டுக்கொண்டிருக்கிறாள். 16ஆவது ஸ்லைடாகத் தாத்தா சொன்னதையும் சேர்க்கப் போகிறாளாம்.

உங்கள் பரணிலும் இப்படி ஒரு சிடி கிடக்கும். தூக்கிப் போடும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். பூச்சி எழுத்தாய் இருந்தால் பயப்படாதீர்கள், அதில் 'ந' இருக்கலாம். எடுத்ததை யூனிகோடில், வெறும் உரைக் கோப்பாக ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அலங்காரம் எதுவும் வேண்டாம். என் 22 ஸ்லைடு அலங்காரத்தில் இன்று மிஞ்சியிருப்பது அம்மா பேசியது மட்டும்தான்.